இடப்பக்கத்து இருக்கை

1

அன்றைக்குப் பட்டறை முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: என் முதலாளி, ஜீப்பை வாங்கிய பணக்காரர், வெல்டர் பஷீர், நான், என் அப்பா சுப்பையா. இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரேணுகாவும் மகள் கீர்த்தியும் வரவில்லை. பட்டறைக்குள் குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்பது விதி. ஆனால் அன்றைக்கு நடந்ததெல்லாம் அவர்கள் இருவருக்காகத்தான். என் அக்கா தனலெட்சுமி வரவில்லை. அந்த நேரத்தில் அவள் பூனாகலைப் பக்கத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பாள். மேக்கணக்கு என்ற எங்கள் தோட்டத்து மேல்பிரிவின் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, அந்த ஜீப்பின் பின்புறம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவரும் வரவில்லை. அவர்களைக் கேட்டிருந்தால் ஜீப்பே வந்திருக்காது.

அதற்கு இப்போது ஒரு வருடம். இந்த நாட்டில் பழைய வண்டிகளை வருடத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். போன வாரம் அந்த ஜீப் அதற்காக மறுபடி எங்கள் பட்டறைக்கு வந்தது. சோதனை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது நான்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது என் முதுகு இருக்கையில் படவில்லை என்பதைக் கவனித்தேன். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. வளைகுடாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே இன்னும் வேலை இருக்கிறது.

2

அப்பா முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்துத் துரையின், அதாவது தோட்டத்து மேலாளரின், ஜீப் டிரைவர். ஊரில் வண்டிகளுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே அப்பா வலப்பக்கம், துரை இடப்பக்கம். அப்பாவின் காலத்தில் ஆறு துரைமார் வந்து போனார்கள். ஒருவர் கை நீட்டுவார், ஒருவர் வாயால் மட்டும், ஒருவர் நான்கு வருடத்தில் அப்பாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. துரைமார் மாறினார்கள். இருக்கை மாறவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவது கஷ்டம். துரை வண்டியில் இல்லாத நாளிலும் அந்த இடப்பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. யாரும் வாய் திறந்து சொன்னதுமில்லை. பண்டாரவளைக்கு மருந்து எடுக்கப் போனாலும், உரம் பார்க்கப் போனாலும், டிஸ்பென்சரிக்காரர்கூடப் பின்னால்தான் ஏறுவார். துரை வீட்டு நாய் மட்டும் முன்னால் ஏறித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வரும். அதைக் கண்டு நான் சிரித்தபோது அப்பா சொன்னார்: "சிரிக்காதடா. அது பங்களா ஆளு."

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. துரையிடம் கேட்டு அப்பா ஜீப்பைக் கொண்டுவந்தார். ஐப்பசி மழை. பின்புறத்துத் தார்ப்பாய் இரண்டு இடத்தில் ஒழுகியது. அம்மா தகரத் தரையில் சாக்கின்மேல் படுத்திருந்தாள். அக்கா மடியில் தலை, நான் கால்மாட்டில், அதோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். ஒழுகும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து வெளியே ஊற்றினேன். முன்னால் இடப்பக்கத்து இருக்கை காய்ந்து கிடந்தது.

"அம்மாவ முன்னுக்கு ஒக்கார வச்சா என்ன?" என்று கேட்டேன்.

கோயிலில் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல் அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அம்மா அந்தத் தடவை பிழைத்து வந்தாள். நான் அந்தக் கேள்வியைப் பிறகு கேட்கவில்லை.

அப்பா ஓய்வு பெறும்போது கம்பெனி கையை விரித்தது. முப்பத்தொரு வருடத்துச் சேவைக்காலப் பணத்தைக் கொடுக்க வழியில்லை, அதற்குப் பதிலாகப் பழைய ஜீப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த முதல் வேலை அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது. 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு' என்று அதில் இருந்தது.

"அப்படின்னா?"

"இதுக்கு மேல ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு அர்த்தம்பா."

"நாம எப்படா கேட்டோம்?" என்றார் அப்பா. பெயரை மட்டும் எழுதத் தெரிந்த கையால் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை ஜீப் எங்கள் லயத்துக்கு முன்னால் நின்றது. நான் இடப்பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"ஏறாதடா."

"நம்ம பேர்ல எழுதிட்டாங்கப்பா."

"பேர்லதான எழுதியிருக்கு," என்றார்.

அதன்பிறகு ஏழு வருடம் அந்த ஜீப் மேக்கணக்குக்கு ஆஸ்பத்திரி வண்டியாக ஓடியது. தார் ரோட்டிலிருந்து எங்கள் லயங்களுக்கு வரும் பாதை கருங்கல் பாதை. அரசாங்க ஆம்புலன்ஸ் கீழே சந்தி வரைக்கும் வரும். அதற்குமேல் அதன் அடி இடிக்கும். பிரசவ வலியோ, பாம்புக் கடியோ, நெஞ்சுவலியோ, அப்பாவின் ஜீப்தான். டீசலுக்கு மட்டும் காசு வாங்குவார். பின்னால் ஒன்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். முன்னிருக்கை காலியாகப் போகும்.

3

நான் இங்கே வந்து ஆறு வருடமாகிறது. பழைய ஜீப்புகளைப் பிரித்து, துருப்பிடித்ததை வெட்டி, புதிதாக்கி, வெள்ளிக்கிழமைகளில் மணல் மேட்டில் ஏற்றி விளையாடும் பணக்காரர்களுக்கு விற்கும் பட்டறை எங்களுடையது. முதலாளி இந்த ஊர்க்காரர். சம்பளம் தாமதமில்லை. திட்டினாலும் பெயர் சொல்லித்தான் திட்டுவார். ஊரில் கிடைக்காத மரியாதை அது என்று முதல் வருடம் நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் விசாவில் வந்தது. என் அடையாள அட்டையில் தொழில், மெக்கானிக் என்று இருக்கிறது. மெக்கானிக்குக்கு இங்கே குடும்ப விசா கிடையாது. மேற்பார்வையாளருக்கு உண்டு. செய்கிற வேலை ஒன்றுதான், எழுதியிருக்கும் சொல்தான் வேறு. ரேணுகாவும் கீர்த்தியும் வருகையாளர் விசாவில் வந்து, அதை நீட்டித்து, மறுபடி நீட்டித்து, இனி நீட்ட முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தோம். கீர்த்திக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் ஆசிரியை புன்னகையோடு கேட்பார்: "விசா வந்துவிட்டதா?" கீர்த்தி அதை வீட்டில் நடித்துக் காட்டுவாள்.

அந்தச் சமயத்தில் முதலாளிக்கு ஒரு பணக்காரர் அகப்பட்டார். தேயிலைத் தோட்டத்தில் ஓடிய பழைய ஜீப்தான் வேண்டுமாம். அசலாக இருக்க வேண்டுமாம். முதலாளி ஒரு பேச்சுக்கு என்னிடம் கேட்டார். நான் என் கைப்பேசியைத் திறந்து எங்கள் லயத்துக்கு முன்னால் நின்ற ஜீப்பைக் காட்டினேன். யாரும் என் கையை முறுக்கவில்லை. நானாகத்தான் காட்டினேன்.

"இதைக் கொண்டுவா. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாற்று. சோதனையில் தேற வை," என்றார். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இங்கே இலக்கத்தகடு கொடுக்கமாட்டார்கள். "வண்டியை ஒப்படைக்கிற அன்றைக்கு உன்னை மேற்பார்வையாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

அப்பாவுக்கு அழைத்தேன்.

"அப்பா, எங்க மொதலாளி நம்ம ஜீப்பக் கேக்குறாரு."

"எந்த ஜீப்ப?"

"நம்மகிட்ட எத்தன ஜீப்புப்பா இருக்கு?"

சிரித்தார். பிறகு, "அங்க மலையே இல்லன்னு சொன்னியே. அத வச்சு அவரு என்ன செய்வாரு?"

"மணல்ல ஓட்டுவாங்க. வெளையாட்டுக்கு."

"வெளையாட்டுக்கா?"

அக்கா கைப்பேசியைப் பிடுங்கினாள். "டேய் தம்பி, இங்க மேக்கணக்குல முப்பத்தாறு வீடு இருக்கு. ஒருத்திக்கு வலி வந்தா ஒன் மொதலாளி மணல்லருந்து வருவாரா?"

"ஒம்பது லட்சம் தராங்க அக்கா. அதுல ஒரு பழைய வேன் எடுத்துக்கலாம். ஜீப்ப விட வசதி. மழைக்கு ஒழுகாது."

"ஒம்பது லட்சத்துக்கு வேன் குடுப்பானா?"

"நான் பாத்துட்டேன். கெடைக்கும்."

நான் பார்த்திருந்தேன். அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஊரில் பழைய வண்டிகள் என்ன விலை விற்கின்றன என்று நன்றாகத் தெரியும். ஒன்பது லட்சத்துக்கு ஒரு பழைய முச்சக்கரவண்டி வரும். அது கருங்கல் பாதையில் முதல் வளைவைத் தாண்டாது. தெரிந்துதான் சொன்னேன்.

"படிச்சவன் சொல்ற. சரியாத்தான் இருக்கும்," என்று அக்கா கைப்பேசியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா வெகுநேரம் யோசிக்கவில்லை. "ஒனக்கு ஒதவும்னா எடுத்துக்கடா," என்றார். எனக்கு எப்படி உதவும் என்று அவர் கேட்கவில்லை. நானும் விசாவைப் பற்றிச் சொல்லவில்லை.

4

ஜீப் கொழும்புத் துறைமுகத்திலிருந்து வந்து சேர ஏழு வாரம். அதைப் பிரித்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரில், இடப்பக்கத்திலும் ஸ்டியரிங்குக்கும் பெடல்களுக்கும் துளைகள் இருந்தன. தகடு வைத்து, போல்ட் போட்டு மூடியிருந்தார்கள். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ஆகும்படி இரண்டு பக்கமும் துளையிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அப்பா முப்பத்தெட்டு வருடம் ஓட்டிய வண்டி. அந்தத் தகடுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. அது துரையின் கால் இருந்த பக்கம்.

துளை இருக்கிறதே, வேலை சுலபம் என்று நினைத்தேன். வலப்பக்கத்து ஸ்டியரிங் பெட்டியையே திருப்பி இடப்பக்கம் பூட்டினேன். கணக்குப் போட்டுத்தான் செய்தேன், காகிதத்தில் படம்கூட வரைந்தேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் சுற்றினால் சக்கரம் இடப்பக்கம் போனது.

பஷீர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கேரளத்துக்காரன், இந்தப் பட்டறையில் பதினாறு வருடம். "எடா யோகா, இது நம்ம முதலாளி மாதிரி இருக்கு. சொல்றது ஒண்ணு, போறது ஒண்ணு."

இடப்பக்கத்துக்கென்று வார்த்த பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அதற்கான பணத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள். பெடல்கள், பிரேக் குழாய், துடைப்பான், வயர்கள் எல்லாம் பக்கம் மாறின. முதல் சோதனையில் வண்டி முன்விளக்கால் தேறாமல் விழுந்தது. நம் ஊர் விளக்கு எதிரே வருபவர் கண் கூசாதபடி இடப்பக்கமாகச் சாய்ந்து ஒளி விடும். இங்கே வாகனங்கள் வலப்பக்கம் போவதால் அதே விளக்கு எதிரே வருபவர் முகத்தில்தான் அடிக்கும். இரண்டாவது தடவை என் வாயால் விழுந்தது. ஜன்னலில் இருந்த அதிகாரி "யாருடைய வண்டி?" என்று கேட்டார். நான் பழக்க தோஷத்தில், "என் அப்பாவுடையது," என்றேன். "அப்படியானால் உரிமையாளரின் அடையாள அட்டை எங்கே?" அப்பாவின் அடையாள அட்டை லயத்தில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தொங்கும் பையில் இருந்தது. விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. நான்காம் ஜன்னல், அங்கிருந்து ஏழாம் ஜன்னல், அங்கிருந்து நாளைக்கு வா. அந்த வண்டி யாருடையது என்று நிரூபிக்க எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. 'இந்த வண்டிக்கும் என் தந்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக இருக்கைகள். வலப்பக்கத்து மெத்தை அப்பாவின் உடம்புக்கேற்பக் குழிந்து, ஓரம் கிழிந்து, மீன்வலை நூலால் தைத்திருந்தது. இடப்பக்கத்து மெத்தை ஏறக்குறையப் புதிது. முதலாளி இரண்டையும் பார்த்தார். "அந்தப் பழையதை இந்தப் பக்கம் போடு. டிரைவர் இருக்கை பழையதாக இருந்தால்தான் அசலாகத் தெரியும்."

மாற்றினேன். துரையின் மெத்தையை வலப்பக்கமும் அப்பாவின் மெத்தையை இடப்பக்கமும் பூட்டினேன். போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின.

5

அப்பாவை இங்கே கூட்டிவரும் யோசனை முதலாளியுடையது. முப்பது வருடம் ஓட்டிய டிரைவர் அந்த வண்டியை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும், வாங்கியவர் அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவார். விமானச் சீட்டும் ஒரு மாத விசாவும் முதலாளி செலவு. அப்பாவிடம் நான், "பேத்தியப் பாக்க வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

விமான நிலையத்தில் டாக்சி வந்ததும் அப்பா யாரும் சொல்லாமல் முன்பக்கம் போனார். நேராக வலப்பக்கத்துக் கதவைத் திறந்து, ஏறி, சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அது டிரைவர் பக்கம். எதிரே ஸ்டியரிங் இல்லை. வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தார். கீர்த்தி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டாள்.

கீர்த்தி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், மாடிப்படியில் பிள்ளைகளோடு இந்தி, எங்களிடம் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் தமிழ். அப்பாவிடம் அவள் பேசியது தமிழ்தான், ஆனால் விருந்தாளியிடம் பேசும் தமிழ்.

"தாத்தா, உங்க வீட்டுல எத்தன ரூம்?"

"ஒண்ணும்மா."

"அப்ப மத்தவங்க எங்க தூங்குவாங்க?"

"அதே ஒண்ணுலதாம்மா."

அவர் வேடிக்கை செய்கிறாரா என்று அறிய அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருக்காக ஒரு படம் வரைந்து கொடுத்தாள். பச்சை ஜீப், உள்ளே தாத்தா. ஸ்டியரிங் இடப்பக்கம். அவள் பார்த்த வண்டிகளுக்கெல்லாம் அது அங்கேதான். அப்பா படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "நல்லாருக்கும்மா," என்றார்.

"இங்க பாருங்க," என்று ரேணுகா அன்றைக்கு என்னிடம் சொன்னாள், "மாமாகிட்ட விசா விஷயத்தச் சொல்லிருங்க. அவருக்கு எதுக்குக் கூட்டிட்டு வந்தோம்னு தெரிய வேணாமா?"

"முடிஞ்சதும் சொல்லலாம்," என்றேன். நான் சொல்லியிருக்க வேண்டும்.

6

ஜீப் முற்றத்தின் நடுவில் புதுப் பச்சை வர்ணத்தோடு நின்றது. சோதனையில் தேறியாயிற்று, இலக்கத்தகடு பூட்டியாயிற்று. வாங்கியவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். முதலாளியின் அறையில் மேசைமேல் என் கடிதம் தட்டச்சு செய்யப்பட்டு, கையெழுத்துக்காகக் கிடந்தது. ரேணுகா, கீர்த்தி இருவரின் விசா முடிய இன்னும் பதினோரு நாள்.

"உன் அப்பாவை ஏறச் சொல்," என்றார் முதலாளி.

அப்பா வலப்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மெதுவாகக் கதவை மூடினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

"இது என் மெத்தையாடா?"

"ஆமாப்பா."

"இத ஏன் தொரை பக்கம் போட்ட?"

"இப்ப இதுதாம்பா டிரைவர் பக்கம்."

"அது தெரியுது." வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார். "நான் பின்னுக்கு ஏறிக்கிறேன். நீ ஓட்டு."

"உங்களத்தான் ஓட்டச் சொல்றாங்க."

"நீ ஓட்டினா வண்டி ஓடாதா?"

பஷீர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"வண்டி உயரமாக இருக்கிறதாம், முழங்கால் வலிக்கிறதாம்," என்று பொய் சொன்னேன்.

முதலாளி நல்ல மனிதர். ஏறுவதற்கு ஏதாவது கொண்டுவரச் சொன்னார். பஷீர் ஒரு பெயின்ட் டின்னைக் கொண்டுவந்து கதவுக்குக் கீழே கவிழ்த்து வைத்தான். இனி அப்பாவுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவர் அந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வேலையை மறுத்தவரில்லை. அவருடைய கால் எழவில்லை, அவ்வளவுதான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "அப்பா, அந்தத் தொரையெல்லாம் செத்தாச்சு. ஏறுங்க."

"ஏன்டா கோவப்படுற?"

"உள்ள மேசையில ஒரு கடுதாசி இருக்கு. இது முடிஞ்சாத்தான் அவரு கையெழுத்துப் போடுவாரு. இல்லன்னா ரேணுகாவும் புள்ளையும் பதினோரு நாள்ல பிளேன் ஏறணும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"மொதல்லயே ஏறியிருப்பேன்."

குனிந்தார். நான் வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து, பெயின்ட் டின்னுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். டின்னை மிதிக்காமல், கதவைப் பிடித்து, வெறுங்காலோடு ஏறினார். இருக்கையின் நுனியில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. அந்தக் குழி அவருடைய உடம்பே உண்டாக்கிய குழி. அதில் அவர் உட்காரவில்லை.

கியர் போட இடது கை போனது. கதவில் இடித்தது. மறுபடியும் போனது, மறுபடியும் இடித்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் தேடிப் பிடித்தார். ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி புறப்பட்டது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே, பெயின்ட் டின்னுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். வாங்கியவர் கைதட்டினார். பஷீரும் தட்டினான்.

அப்பா இறங்கினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். இருக்கையைத் துடைத்தார்.

ஊரில் மழைக்கோ தூசிக்கோ துரை வருமுன் துடைப்பார், பார்த்திருக்கிறேன். இது அதுவல்ல. தான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தார்.

வாங்கியவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதைச் சரியாகப் படம் பிடிக்கவில்லையே என்று வருந்தினார். இன்னொரு தடவை துடைக்க முடியுமா என்றார். அப்பா துடைத்தார். இந்தத் தடவை நிழல் விழுந்துவிட்டது. "இன்னொரு தடவை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லு," என்றார் முதலாளி என்னிடம்.

நான் சொன்னேன். தமிழில், மரியாதையோடுதான் சொன்னேன்.

"அப்பா, இன்னொருக்காத் தொடைங்க. மெதுவா."

7

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் விசா கைக்கு வந்தது. கீர்த்திக்குப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர இடம். நான் இப்போது மேற்பார்வையாளர். வேலை அதேதான்.

அப்பா ஒரு மாதம் இருப்பதாக வந்தவர், பத்து நாளில் சீட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். குளிர் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார். விமான நிலையத்தில் கீர்த்தி வரைந்த படத்தை மடிக்காமல், என் பழைய புத்தகமொன்றுக்குள் வைத்து எடுத்துப் போனார். உள்ளே போவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மெத்தைய மாத்தாம இருந்திருக்கலாம்டா." அதற்குப் பிறகு தொலைபேசியில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஜீப்பைப் பற்றி அவர் பேசுவதில்லை.

வேன் வாங்கவில்லை. அக்கா பண்டாரவளையில் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு எனக்குச் சொன்னாள்: "ஒம்பது லட்சத்துக்குக் கதவு தருவானாம். ரெண்டு கதவா ஒண்ணான்னு கேக்கணும்." பணம் வங்கியில் கிடக்கிறது. மேக்கணக்குக்காரர்கள் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லையாம். அக்காவைத்தான், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கேட்கிறார்கள்: "ஒன் தம்பி வேன் என்ன, கப்பல்ல வருதா?"

போன வாரம் ஜீப்பைச் சோதனைக்கு ஓட்டிப் போன அன்று பின்னேரம் அக்கா அழைத்தாள். அப்பா மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். மரக்கறி வியாபாரி ஒருவரின், பின்புறம் திறந்த கெப் வண்டி ஏறி வந்திருக்கிறது. அந்தப் பாதையில் ஏறக்கூடியது இப்போது அது ஒன்றுதான்.

"கட்டுப் போட்டாச்சு. வலி இல்லங்குறாரு. நீ அழுவாத."

"நான் அழுவல. வண்டியில எப்படிப் போனீங்க? பின்னுக்கா?"

"நான் பின்னுக்கு. அப்பாவ அந்த டிரைவர் பையன் முன்னுக்கு ஏறச் சொன்னான். நானும், மாட்டேன்னு அடம்பிடிக்கப் போறாருன்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். பேசாம ஏறி ஒக்காந்துட்டாருடா. அதிசயமா இருந்துச்சு."

கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆஸ்பத்திரியில எறங்கினதும் ஒத்தக் கையால துண்ட எடுத்து அந்தச் சீட்டத் தொடச்சாரு. டிரைவர் பையன், 'பரவால்ல தாத்தா, விடுங்க'ங்குறான். இவரு விடல. மெதுவா, மூணு தடவ தொடச்சாரு. எங்கருந்துடா இந்தப் பழக்கம்? அங்க வந்துட்டுப் போனதுலருந்து இப்படித்தான்."

"வண்டிக்கு எவ்வளவு கேட்டாங்க?" என்றேன்.

"போக வர எட்டாயிரம். காத்துக்கிட்டு நின்னதுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மழைப் பாதைன்னு ரெண்டாயிரம்." அக்கா மூச்சு வாங்கிக் கூட்டிச் சொன்னாள். "பதினோராயிரத்து ஐந்நூறு ரூவா."